கதவுக்கு வைத்த கல்

சிட்னியில் பசிபிக் ஐலண்ட்ஸ் கம்பெனி என்றொரு வணிக நிறுவனம் இருந்தது. தென்கடல் தீவுகளிலிருந்து கொப்பரையும் பறவை எச்ச உரமும் வாங்கி விற்பது அதன் தொழில். 1890களின் கடைசியில் அந்தத் தொழில் நொடித்துப்போகும் நிலைக்கு வந்திருந்தது. அலுவலகத்தில் ஒரு கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க அதனடியில் ஒரு கல்லை வைத்திருந்தார்கள். ஹென்றி டென்சன் என்ற அதிகாரி நவூரு தீவிலிருந்து எடுத்துவந்த கல் அது. கல்லாகிப்போன மரத்துண்டு என்று எல்லோரும் நம்பினார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற இளம் ஊழியர் மட்டும் நம்பவில்லை. வேறு தீவுகளில் பாஸ்பேட் வெட்டும் இடங்களில் வேலை பார்த்துப் பழகியவர் அவர். 1899-ல் அந்தக் கல்லிலிருந்து ஒரு துண்டை உடைத்துச் சோதித்தார். அதுவரை உலகம் கண்டவற்றில் மிக உயர்ந்த தரமான பாஸ்பேட்டுகளில் ஒன்று அது.

உழவர்களுக்கு இந்தப் பொருளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூன்றைச் சொல்வோமே, அதில் மணிச்சத்து பாஸ்பேட்டிலிருந்து வருவது. நடவுக்கு முன் அடியுரமாக வயலில் இறைக்கும் 'சூப்பர்' என்பது, பாஸ்பேட் பாறையைப் பொடித்துக் கந்தக அமிலத்தில் ஊறவைத்துச் செய்த சூப்பர் பாஸ்பேட்தான். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து யூரியா செய்ய மனிதன் கற்றுக்கொண்டுவிட்டான். மணிச்சத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. பாறையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பாறை எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும்.

நவூரு நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே தனியாக நிற்கும் தீவு. மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். கரையோரச் சாலையில் காரில் புறப்பட்டால் அரை மணி நேரத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். கடலோரத்தில் தென்னை வளரும் ஒடுக்கமான சமநிலம். அதற்குள்ளே உயர்ந்து நிற்கும் மேட்டுநிலம். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கடற்பறவைகளின் எச்சம் படிந்து, மழையில் கரைந்து, பவளச் சுண்ணாம்புப் பாறையோடு வினைபுரிந்து அந்த மேட்டில் பாஸ்பேட் ஆனது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பவளப்பாறை ஈட்டிகளைப்போல மேல்நோக்கி நிற்க, அவற்றின் இடுக்குகளை நிரப்பி நின்றது பாஸ்பேட். அதன்மேல் மண், மண்மேல் தாழையும் புன்னையும். மக்கள் கரையோரத்தில் வாழ்ந்தார்கள், மேட்டுக்காட்டில் பறவை பிடித்தார்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் உரிமைக் குடும்பம் உண்டு.

எல்லிஸ் முதலில் போனது பக்கத்துத் தீவான பனாபாவுக்கு. கல் அங்கேயும் இருக்கும் என்று அவர் கணித்தது சரியாக இருந்தது. 1900 மே மாதம் அங்கே ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தீவின் பாஸ்பேட் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் உரிமை, 999 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 50 பவுண்டு அல்லது அந்த மதிப்புக்குச் சரக்கு. கைநாட்டு வைத்தவரை அரசர் என்று தாளில் எழுதிக்கொண்டார்கள். பிறருடைய நிலத்தைக் கொடுக்க அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. நவூரு அப்போது ஜெர்மனியின் கையில் இருந்ததால் அங்கே பேச்சு ஜெர்மன் நிறுவனத்தோடு நடந்தது. பணமும் பங்கும் கைமாறின. 1906-07-ல் வெட்டு தொடங்கியது. நிலத்துக்கு உரிய குடும்பத்துக்குத் தொடக்கத்தில் கிடைத்தது டன்னுக்கு அரை பென்னி.

முதல் உலகப் போர் தொடங்கியதும் ஆஸ்திரேலியப் படை தீவைப் பிடித்தது. போர் முடிந்தபின் 1919-ல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்கள் என்ற அமைப்பு உருவானது. பாஸ்பேட் வெட்டிவந்த கம்பெனியை சுமார் 35 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். கல்லில் பிரிட்டனுக்கு 42 விழுக்காடு, ஆஸ்திரேலியாவுக்கு 42, நியூசிலாந்துக்கு 16. நான் இந்தக் கதையில் அதிகம் நின்று படித்த இடம் இந்த ஒப்பந்தம்தான். அதில் விலை பற்றி ஒரு விதி இருந்தது: மூன்று நாட்டு உழவர்களுக்கும் கல்லைச் சந்தை விலைக்கு விற்கக் கூடாது, வெட்டி ஏற்றி இறக்கிய செலவுக்குக் கொடுக்க வேண்டும். லாபம் இல்லாத வணிகம் என்று கேட்டால் நல்லதாகத் தோன்றும். ஆனால் கல்லின் சொந்தக்காரருக்கு அதன் பொருள் வேறு. சந்தையில் அதற்கு என்ன மதிப்பு என்பது கணக்கிலேயே வராது. மதிப்பு முழுவதும் விலைக் குறைவாக மாறி, கடல் தாண்டி, வாங்குபவரின் வயலில் போய் இறங்கிவிடும்.

அப்படித்தான் இறங்கியது. நவூருவைச் சுற்றிக் கடல் சட்டென்று ஆழமாகிவிடும், நங்கூரம் தரை தொடாது. ஆழத்தில் மிதவைகளைக் கட்டி, கரையிலிருந்து கடலுக்குமேல் நீளும் பெரிய இரும்புக் கைகளை அமைத்து, அவற்றின் வழியாகக் கல்லைக் கப்பலின் வயிற்றில் கொட்டினார்கள். கல் மெல்பர்னுக்கும் ஜீலாங்குக்கும் ஆக்லாந்துக்கும் போனது. ஆஸ்திரேலியாவின் மண் மிகப் பழையது, மணிச்சத்து குறைந்தது. சூப்பர் பாஸ்பேட் இல்லாமல் அங்கே கோதுமை தொடர்ந்து விளைந்திருக்காது. நியூசிலாந்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிறு விமானங்களில் உரத்தை ஏற்றி மலைச்சரிவுகளில் தூவினார்கள். புல் வளர்ந்தது, ஆடு பெருகியது, கம்பளியும் வெண்ணெயும் கப்பலேறி லண்டன் போயின. அந்த இரு நாடுகளின் செழிப்பு வரலாற்றில் நவூருவின் பெயர் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே வருகிறது. ஆனால் அங்குள்ள மேய்ச்சல் மண்ணைச் சோதித்தால் கல் இன்னும் அடையாளம் காட்டும். நவூரு பாஸ்பேட்டில் காட்மியம் கொஞ்சம் அதிகம். அது நியூசிலாந்தின் மண்ணில் தேங்கி, புல் வழியாக ஆடுமாடுகளின் சிறுநீரகத்தில் சேர்ந்து, வயது கூடிய விலங்குகளின் உள்ளுறுப்புகளை உணவுக்கு விற்பதில் கட்டுப்பாடு கொண்டுவரும் அளவுக்குப் போனது.

போர் அந்தக் கல்லைத் தேடியும் வந்தது. 1940 டிசம்பரில் ஜெர்மன் கப்பல்கள் நவூருவுக்கு வெளியே காத்திருந்த பாஸ்பேட் கப்பல்களை மூழ்கடித்தன, ஏற்றுமதி அமைப்புகளைச் சுட்டு நொறுக்கின. 1942-ல் ஜப்பான் தீவைப் பிடித்தது. மறு ஆண்டு சுமார் 1,200 நவூரு மக்களைக் கப்பலேற்றி ட்ரக் தீவுகளுக்குக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். பசியிலும் நோயிலும் குண்டிலும் மாண்டவர் போக 737 பேர் 1946 ஜனவரி 31 அன்று திரும்பி வந்தார்கள். அவர்களை ஏற்றிவந்ததே பாஸ்பேட் கமிஷனர்களின் கப்பல்தான். வெட்டு மறுபடியும் தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

கல்லை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பவள ஈட்டிகள். பத்து, பதினைந்து மீட்டர் உயரத்துக்குச் சாம்பல் நிறக் கூர்ப்பாறைகள், நடுவே பள்ளங்கள். நடக்க முடியாது, விதைக்க முடியாது. வெயிலில் அவை காய்ந்து சூடேற்றும் காற்று மேலெழுந்து மழை மேகத்தைக் கலைக்கிறது என்று தீவினர் சொல்வார்கள். 1960களில், தீவை நிர்வகித்துவந்த ஆஸ்திரேலியா இதற்கு ஒரு வழி சொன்னது. தீவை விட்டுவிட்டு எல்லோரும் குயின்ஸ்லாந்துக் கரையிலுள்ள கர்டிஸ் தீவில் குடியேறலாம், ஆஸ்திரேலியக் குடிமக்கள் ஆகலாம். நவூருவின் தலைவர் ஹேமர் டிராபர்ட்டும் அவருடைய மக்களும் 1964-ல் இதை மறுத்தார்கள். தனிநாடாக இருப்பதைக் கைவிட அவர்கள் தயாராக இல்லை. 1967-ல் வேறோர் ஒப்பந்தம் வந்தது: பாஸ்பேட் தொழிலை அதன் கட்டமைப்புகளோடு 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு நவூரு வாங்கிக்கொள்ளும். தம் சொந்த நிலத்தின் கல்லை வெட்டும் உரிமைக்காக அவர்கள் பணம் கட்டினார்கள். 1968 ஜனவரி 31, ட்ரக்கிலிருந்து உயிர் தப்பியவர்கள் கரையேறிய அதே தேதியில், நவூரு விடுதலை பெற்றது. 1970-ல் நவூரு பாஸ்பேட் கார்ப்பரேஷன் சுரங்கத்தை முழுதாக ஏற்றுக்கொண்டது.

கல்லுக்கு இப்போதுதான் முதல்முறையாகச் சந்தை விலை கிடைத்தது. அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்! உலகின் மிகப் பெரிய ஏற்றுமதி நாடான மொராக்கோ 1974-ஐ ஒட்டி பாஸ்பேட் விலையை மும்மடங்காக்கியது. நவூருவிலிருந்து நல்ல ஆண்டுகளில் 20 லட்சம் டன்னை ஒட்டிக் கல் போய்க்கொண்டிருந்தது. தீவின் சொந்த மக்களோ சில ஆயிரம் பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு வரும் வருமானம் உலகின் மிக உயர்ந்த வரிசையில் நின்றது. பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கின, உலகின் பணக்காரத் தீவு என்று.

அந்தக் கணக்கைத்தான் நான் மறுக்கிறேன். நிலத்தில் விளைந்ததை விற்றால் அது வருமானம். நிலத்தையே விற்றால் அது வருமானமா? வீட்டுக் கணக்கு எழுதும் எந்தப் பாட்டியும் இந்த வேறுபாட்டைத் தவறவிட மாட்டாள். ஆனால் நாட்டுக் கணக்கு எழுதும் முறை தவறவிடுகிறது. தரையிலிருந்து பெயர்த்துக் கப்பலேறிய ஒவ்வொரு டன்னும் உற்பத்தி என்று வரவில் ஏறியது. தரையில் அந்த டன் இனி இல்லை என்பதை எந்தப் பற்றுவரியும் சொல்லவில்லை. முதல் கரைவதை வளர்ச்சி என்று எழுதியதால், கல் வேகமாகக் காலியாகக் காலியாக நாடு வேகமாகச் செழிப்பதாகத் தெரிந்தது.

நவூரு மக்களுக்கு இது புரியாமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல் ஒரு நாள் தீரும் என்று டிராபர்ட் விடுதலைக்கு முன்பே பேசியவர். அதற்காகத்தான் நவூரு பாஸ்பேட் ராயல்டி டிரஸ்ட் என்ற பொதுநிதி. நிலச் சொந்தக்காரருக்குக் கையில் தருவது போக ஒரு பகுதி, நீண்டகாலச் சேமிப்பு, வீட்டுவசதி, நிலச் சீரமைப்பு என்று அதற்குள் போனது. கல் தீரும்போது நிதியின் வட்டியில் நாடு வாழும் என்பது திட்டம். திட்டத்தில் பிழையில்லை.

இனி கல் கட்டடமாகிறது. 1977-ல் மெல்பர்னின் காலின்ஸ் தெருவில் நவூரு ஹவுஸ் எழுந்தது, 52 மாடி, அந்நகரின் அன்றைய உயரமான கட்டடங்களில் ஒன்று. சைபானில் ஒரு கட்டடம், ஹொனலுலுவில் ஒரு கோபுரம், மணிலாவில் ஒன்று, ஃபிஜித் தலைநகர் சுவாவில் புகழ்பெற்ற பழைய ஓட்டல். ஏர் நவூரு போயிங் ஜெட்களை வாங்கிப் பசிபிக் முழுவதும் பறந்தது, பல நாள் வெற்று இருக்கைகளோடு. உரத்தொழிலிலும் பணம் போட்டார்கள். ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்தில் 1981-ல் தொடங்கிய பாரதீப் பாஸ்பேட்ஸ் நிறுவனம் இந்திய அரசும் நவூரு குடியரசும் கூட்டாகத் தொடங்கியது. சில ஆயிரம் மக்கள் கொண்ட நாடு இந்தியாவுக்கு உர ஆலைப் பங்காளியாக இருந்தது என்பதே இன்று பலருக்குத் தெரியாது. 1993-ல் நவூரு அதிலிருந்து வெளியேறியது, இந்திய அரசு முழு உரிமையாளரானது. 2002-ல் அரசு பெரும்பங்கை விற்றபோது, வாங்கிய கூட்டணியில் மொராக்கோவின் பாஸ்பேட் நிறுவனம் இருந்தது.

தீவுக்குள் வரி கிடையாது. பள்ளி, மருத்துவம், மின்சாரம் எல்லாம் இலவசம். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் கிரிபாத்தியிலிருந்தும் துவாலுவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்கள். காய்கறி விளையும் நிலம் இல்லை, மீன்பிடி மங்கியது. அரிசியும் டின் இறைச்சியும் சர்க்கரைப் பானமும் கப்பலில் வந்தன. 1970களின் நடுவில் நடந்த மருத்துவ ஆய்வில், வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. மருத்துவ உலகமே திகைத்த எண் அது.

1990களின் தொடக்கத்தில் டிரஸ்ட்டின் சொத்து 100 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியிருந்தது. அது உச்சம். அதன்பின் நடந்ததை ஒரே காரணத்தில் அடக்க முடியாது. மெல்பர்னில் அலுவலகக் கட்டடச் சந்தை சரிந்தது. எளிதில் எடுக்கத்தக்க கல் தீர்ந்துகொண்டே வந்தது, ஏற்றுமதி சுருங்கியது. அரசின் செலவு மட்டும் சுருங்கவில்லை. துண்டு விழுந்ததை நிரப்ப டிரஸ்ட்டின் கட்டடங்களை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார்கள். டிரஸ்ட்டிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குக் கறாரான விதி இல்லை. கணக்கு மக்கள்முன் ஒழுங்காக வைக்கப்படவுமில்லை. பணம் இருக்கிற இடத்துக்கு ஆலோசகர்கள் வந்து சேர்ந்தார்கள். பெரிய வங்கிகளின் பத்திரம் என்ற பெயரில் போலி முதலீடுகளை விற்றவர்கள் வந்தார்கள். லியொனார்டோ டா வின்சியைப் பற்றிய ஓர் இசைநாடகத்துக்கு நவூருவின் பணம் போனது. 1993-ல் லண்டனில் அரங்கேறி, சில வாரங்களில் மூடப்பட்டது. அதற்கு யோசனை சொன்னவர் டிரஸ்ட்டின் ஆலோசகர்தான்.

இந்தக் கதைகள் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்தவை. நாடகமும் வெற்று விமானமும் ஒரே ஒரு சாலையுள்ள தீவில் வாங்கிய விலையுயர்ந்த கார்களும். படித்து முடிக்கும்போது, கையில் கிடைத்ததைத் தொலைத்த ஊதாரி மக்கள் என்ற எண்ணமே மிஞ்சும். எனக்கு அதில் கோபம் உண்டு. தலைவர்கள் தவறினார்கள், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பிலிருந்து நழுவினார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் கல்லின் ஆயுளில் ஏறத்தாழப் பாதிக் காலம் அது அடக்க விலைக்குப் போனது. அந்த ஏறத்தாழ அரை நூற்றாண்டில் சந்தை விலைக்கும் கொடுத்த விலைக்கும் இருந்த இடைவெளி எந்த நாடகத்திலும் தொலையவில்லை. அது கோதுமையாகவும் கம்பளியாகவும் வெண்ணெயாகவும் வேறு நாடுகளின் வளர்ச்சிக் கணக்கில் பத்திரமாக ஏறியிருக்கிறது. அதை யாரும் வீண்செலவு என்று எழுதுவதில்லை.

அந்த இடைவெளியைக் கேட்டு ஒருவர் கணக்கு எழுதினார். அவர் இலங்கையர். கிறிஸ்டோபர் வீரமந்திரி, இலங்கை உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பிறகு மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். 1986-ல் நவூரு அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். வெட்டிப் பாழான நிலத்துக்கு யார் பொறுப்பு, சீரமைக்க என்ன ஆகும் என்பது கேள்வி. அறங்காவலராக ஒரு நாட்டின் பொறுப்பை ஏற்றவர், அந்த நாட்டின் நிலத்தையே தின்றுவிட்டுப் போக முடியாது என்று குழு 1988-ல் சொன்னது. விடுதலைக்கு முன் வெட்டிய மூன்றில் ஒரு பங்கு நிலத்தை மூன்று நாடுகளும் சீரமைக்க வேண்டும் என்றது. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 1989-ல் நவூரு சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாமீது வழக்குத் தொடுத்தது. 1992-ல் நீதிமன்றம் வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அதற்குள் வீரமந்திரி அதே நீதிமன்றத்தின் நீதிபதி ஆகியிருந்ததால் இந்த வழக்கில் ஒதுங்கி நின்றார். 1993-ல் ஆஸ்திரேலியா சமரசத்துக்கு வந்தது. 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், அதில் ஒரு பகுதி உடனே, மிச்சம் இருபது ஆண்டுகளில். இதில் பிரிட்டனும் நியூசிலாந்தும் தலா 1 கோடியே 20 லட்சத்தைத் தம் பங்காக ஏற்றன.

அந்தப் பணம் சரிவைத் தடுக்கும் அளவுக்குப் பெரிதல்ல. 1990களில் நவூரு விற்பதற்கு வேறொன்றைக் கண்டுபிடித்தது: வங்கி உரிமம். கட்டடமில்லை, பணியாளரில்லை, ஒரு தபால்பெட்டி முகவரியில் சுமார் 400 வங்கிகள். 1998-ல் மட்டும் ரஷ்யாவிலிருந்து சுமார் 7,000 கோடி டாலர் நவூருவில் பதிவான வங்கிகளின் கணக்கு வழியாக வெளியேறியதாக ரஷ்ய மத்திய வங்கியின் உயரதிகாரி சொன்னார். அந்தப் பெருவெள்ளத்தில் தீவுக்குக் கிடைத்தது பதிவுக் கட்டணம்தான். 2000-ல் கருப்புப்பணத் தடுப்புக்கான பன்னாட்டு அமைப்பு நவூருவைக் கருப்புப் பட்டியலில் சேர்த்தது. முறையான வங்கிகளும் தீவோடு பணம் புழங்கத் தயங்கின.

நவூருவுக்குச் சொந்த நாணயமில்லை, ஆஸ்திரேலிய டாலர்தான். மத்திய வங்கியும் இல்லை. வேறு நாடுகளில் நெருக்கடி வந்தால் நாணயத்தின் மதிப்பு விழும், விலைவாசி ஏறும். இங்கே நோட்டே இல்லாமல் போனது. நவூரு வங்கியில் சேமிப்பு வைத்திருந்தவர்கள் வங்கிக்குப் போனால் கொடுக்கப் பணமில்லை. 2004 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கேபிடல் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய கடன் தவறியது, ஆஸ்திரேலியாவில் இருந்த சொத்துகள் கடன்காரர் நியமித்தவர்களின் கைக்குப் போயின. அந்த ஆண்டே நவூரு ஹவுஸ் 14 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு விற்கப்பட்டது. 2005 டிசம்பரில், மிஞ்சியிருந்த ஒரே விமானத்தையும் கடன் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடன் பத்திரங்களின் கதை அதோடும் முடியவில்லை. நவூரு அரசின் உத்தரவாதத்தோடு முன்பு வெளியிட்ட யென் பத்திரங்கள் ஃபயர்பேர்ட் என்ற முதலீட்டு நிதியின் கைக்கு வந்திருந்தன. டோக்கியோ நீதிமன்றத்தில் 2011-ல் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கிய அந்த நிறுவனம், 2014-ல் ஆஸ்திரேலிய வங்கியில் இருந்த நவூரு அரசின் கணக்குகளை முடக்க முயன்றது. மருத்துவமனைக்கும் மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் செலவிடும் கணக்குகள் அவை. அரசின் அன்றாடப் பணிக்கான பணத்தைப் பறிக்க முடியாது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2015-ல் உறுதிசெய்தபிறகுதான் மூச்சுவிட முடிந்தது. நவூரு வங்கி சரிந்தபின் 2015 வரை தீவில் மக்கள் பணம் போட்டு எடுக்க ஒரு வங்கிக் கிளைகூடக் கிடையாது.

பக்கத்துத் தீவின் கல் என்னவாயிற்று என்று பார்க்க வேண்டும், ஒப்பீடு அங்கேதான் கிடைக்கிறது. பனாபா மக்களை 1945-ல் ஃபிஜியின் ராபித் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்கள் தொடுத்த வழக்கு லண்டனில் 1976-ல் பெரும்பாலும் தோற்றது. 1979-ல் பனாபாவில் கல் தீர்ந்தது. ஆனால் அந்தத் தீவும் அடங்கிய கிரிபாத்தி நாட்டுக்கு, பாஸ்பேட் வரியிலிருந்து 1956-ல் தொடங்கிய ஒரு சேமநிதி இருந்தது. பணத்தைப் பெரும்பாலும் பல நாட்டுப் பங்குகளிலும் பத்திரங்களிலும் பரப்பி வைத்தார்கள். எடுப்பதில் நிதானம் காட்டினார்கள். இடையில் அளவுமீறி எடுத்த ஆண்டுகளும் உண்டு. ஆனாலும் அந்த நிதி இன்று 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் நிற்கிறது. கிரிபாத்தி ஏழை நாடுதான். கல் தீர்ந்து நாற்பது ஆண்டு கடந்தும் அதன் பணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்துக்கு மூலமான மண்ணை இழந்த பனாபா மக்கள் ராபியில் இருக்கிறார்கள், நிதி கிரிபாத்தித் தலைநகர் தராவாவில் இருக்கும் அரசுக்கு. இதை நல்ல முடிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிதியைக் காப்பது எப்படி என்பதற்கு மட்டும் அது சான்று.

நவூரு கையில் கல்லும் கட்டடமும் இல்லாமல் நின்ற காலத்தில் ஆஸ்திரேலியா வேறொரு வேண்டுகோளோடு வந்தது. 2001-ல் டாம்பா என்ற நார்வேக் கப்பல் கடலில் மீட்ட அகதிகளைத் தன் கரையில் இறக்க மறுத்த ஆஸ்திரேலியா, அவர்களில் பலரை நவூருவுக்கு அனுப்பியது. முகாம் நடத்த நவூருவுக்குப் பணம். 2007-ல் இலங்கையிலிருந்து படகில் போன தமிழர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். இடையில் மூடப்பட்டிருந்த முகாம் 2012 செப்டம்பரில் மறுபடியும் திறந்தபோது, விமானத்தில் கொண்டுபோய் இறக்கப்பட்ட முதல் குழுவும் இலங்கைத் தமிழர்கள்தான். போரிலிருந்து தப்பி ஓடியவர்கள், கல் எடுத்துக் காலியான மேட்டில், கூடாரத்துக்குள், ஆண்டுக்கணக்கில். பல ஆண்டுகள் நவூரு அரசின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த முகாமோடு ஒட்டியே வந்தது. முன்பு ஒரு பொருளை நம்பியிருந்த நாடு, இப்போது ஒரு பெரிய நாட்டின் உள்நாட்டு அரசியலை நம்பி நிற்கிறது. அந்த அரசியல் மாறினால் வருமானம் போகும். 2025-ல் ஆஸ்திரேலியா தன் நாட்டில் வைத்துக்கொள்ள விரும்பாத வேறொரு பிரிவினரை ஏற்றுக்கொள்ள நவூருவோடு புது ஒப்பந்தம் போட்டிருக்கிறது. தொகைகள் பெரியவை. மீன்பிடி உரிமத்திலும் நல்ல வருமானம் வருகிறது. வளர்ச்சி விகிதத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு மீண்டும் நல்ல எண்கள் தெரியும்.

முன்னைக்கும் இப்போதைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 2015-ல் நவூரு, ஆஸ்திரேலியாவும் தைவானும் ஆசிய வளர்ச்சி வங்கியும் பங்களிக்க, தலைமுறைகளுக்கான புதிய நிதி ஒன்றைத் தொடங்கியது. இம்முறை நினைத்தபோது எடுக்க வழியில்லை. அதன் நிர்வாகக் குழுவில் பணம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். தன் சேமிப்பைத் தானே திறக்க முடியாதபடி ஒரு நாடு பூட்டிக்கொள்வது எளிதான முடிவல்ல. பழைய டிரஸ்ட்டில் சேமிப்பை இழந்த குடும்பங்கள் இருக்கும் தீவில் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதை மதிக்கிறேன்.

கல் இன்னும் முற்றாகத் தீரவில்லை. 2000களின் நடுவிலிருந்து, முன்பு விட்டுப்போன ஆழத்து அடுக்கை, கூர்ப்பாறைகளுக்கு நடுவே எட்டிய மட்டும் சுரண்டி எடுக்கிறார்கள். தீவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலம் வெட்டப்பட்டுவிட்டது. மக்களில் பெரும்பாலோர் கரையோர வளையத்தில் வாழ்கிறார்கள், கடல் மட்டம் ஏறிவருகிறது. போக வேறு இடமில்லாததால் அந்த மேட்டுக்குத்தான் போக வேண்டும். ஈட்டிப் பாறைகளை உடைத்து, பள்ளத்தை நிரப்பி, வீடும் பள்ளியும் கட்டி மக்களை மேலே கொண்டுபோவதே இன்று நவூருவின் திட்டம். அதற்குப் பணம் திரட்ட 2025-ல் குடியுரிமை விற்பனை தொடங்கியது. தொடங்கியபோது தனியாள் ஒருவருக்கு விலை 1,05,000 அமெரிக்க டாலராக இருந்தது.